புதுசா தொடக்கப்பள்ளிக்கு வந்தவங்களுக்கு: போனையும் ஸ்பீக்கரையும் வச்சு பாடம் நடத்துறது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் பாடம் எடுக்க புதுசா வந்திருக்கற டீச்சருங்க, இல்லம் தேடிக் கல்வி மாதிரி சாயங்கால வகுப்பு எடுக்கற தம்பி தங்கச்சிங்க, இவங்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதறேன். பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்ச உடனே ஸ்மார்ட் போர்டு இருக்கா, டேப் (டேப்லெட்) வந்துச்சா, நெட் எப்படின்னு கேக்கத் தோணும், இருந்தா நல்லதுதான், ஆனா சின்னப் பிள்ளைங்க வகுப்புல டெக்னாலஜின்னா முதல்ல சத்தம், அதுக்கப்புறம்தான் படம், இதுதான் என்னோட கருத்து. அந்த சத்தமும் பிள்ளைங்க வாயில இருந்து வந்து பதிவாகும்போதுதான் முழு பலன் தெரியுது.

நம்ம பக்கத்து நிலவரத்தைப் பாத்தாலே இது ஏன்னு புரியும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசற பிள்ளைங்க நிறைய, சில தெருவுல உருது. ஒண்ணாம் வகுப்புல வந்து உக்காரும்போதுதான் சில பிள்ளைங்களுக்கு தமிழ் நாள் முழுக்க காதுல விழவே ஆரம்பிக்குது, அந்தப் பிள்ளைகிட்ட போய் "அ, ஆ எழுது"ன்னா அது என்ன செய்யும்? தர்மபுரி பக்கம் வேற கதை, பென்னாகரம், அரூர் சைடுல அப்பா அம்மா பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போயிருப்பாங்க, பிள்ளை பாட்டிகிட்ட வளரும், பாட்டிகிட்ட இருக்கறது பட்டன் போன். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி பக்கத்து மலை ஊருங்கள்ல சிக்னல் எந்த இடத்துல நின்னா கிடைக்கும்னு ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும். அதனால "வீட்ல போய் வீடியோ பாத்துட்டு வா"ங்கற பேச்சே வேணாம், நெட் இல்லாமலே ஓடணும், வேலை பள்ளிக்கூடத்துக்குள்ளயே முடியணும்.

ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி

முதல் வாரம் எந்த ஆப்பும் திறக்காதீங்க. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு வரி படிக்கச் சொல்லுங்க, படம் காட்டி பேசச் சொல்லுங்க, பத்து கல்லோ புளியங்கொட்டையோ கொடுத்து எண்ணச் சொல்லுங்க. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும் ஆரம்பிச்சு அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும் வந்துச்சு, அதுல பிள்ளைங்களை படிக்கற நிலையை வச்சு அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிரிக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அந்தப் பட்டியல் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அதுக்கு மேல நீங்க ஒரு நோட்டுல மூணு விஷயம் தனியா குறிச்சுக்கங்க. யாருக்கு எழுத்தே தெரியல, யாருக்கு எழுத்து தெரியும் ஆனா சேத்துப் படிக்க வரல, யாரு சரளமா படிக்கறாங்க ஆனா என்ன படிச்சோம்னு கேட்டா முழிக்கறாங்க. இந்த மூணு பேருக்கும் வேற வேற பதிவு, வேற வேற வேலை வேணும், மூணு பேரையும் ஒரே வீடியோ முன்னாடி உக்கார வச்சா முதல் ஆளு தூங்கிடும், மூணாவது ஆளு ஏற்கனவே தெரிஞ்சதையே பாத்துட்டு இருக்கும்.

அப்புறம் பள்ளிக்கூடத்துல என்ன இருக்குன்னு பாருங்க. எச்எம் (தலைமை ஆசிரியர்) கிட்ட கேட்டு பீரோவைத் திறந்தா பழைய லேப்டாப், ஒயர் இல்லாத புரொஜெக்டர், யாரோ கொடுத்த டிவின்னு ஏதாவது கிடைக்கும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு 2024ல அரசாங்கம் டேப் கொடுத்துச்சு, உங்க பள்ளியிலயும் ஒண்ணு இருக்க வாய்ப்பு இருக்கு. எதுவுமே இல்லன்னா உங்க போனும் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் போதும், நாப்பது பிள்ளைங்க இருக்கற ரூமுக்கு போன் சத்தம் மட்டும் பத்தாது, ஸ்பீக்கர் கட்டாயம் வேணும். வாங்கும்போது பென்டிரைவோ மெமரி கார்டோ நேரா சொருகற மாதிரி பாத்து வாங்குங்க, அப்பதான் உங்க போனுக்கு வேலை இல்லாமலே ஓடும். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல கேட்டா சில ஊர்ல பெற்றோரே வாங்கித் தருவாங்க.

டிவிக்கு பென்டிரைவ் போடறவங்க ஒண்ணு கவனிங்க, நிறைய டிவி எஃப்ஏடி 32 (FAT32) முறையில ஃபார்மட் பண்ண பென்டிரைவைத்தான் பிரச்சினை இல்லாம படிக்கும், அந்த ஃபார்மட்ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. வீடியோ 720பி போதும், பாடம் பாக்க அதுக்கு மேல தேவையில்லை, இடமும் மிச்சம்.

சத்தத்துல ஆரம்பிக்கறது

போன்ல ரெக்கார்டர் ஆப் ஏற்கனவே இருக்கும், புதுசா ஒண்ணும் டவுன்லோடு பண்ண வேணாம். மதியம் பிள்ளைங்க சாப்பிட்டு விளையாடும்போது அமைதியான ஒரு ரூம்ல உக்காந்து, பாடப்புத்தகத்துல இருக்கற ஒரு பாட்டையோ சின்ன கதையையோ உங்க குரல்லயே பதிவு பண்ணுங்க. போனை வாயில இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, ஃபேனை ஆஃப் பண்ணுங்க, தகர ஷீட் போட்ட ரூமா இருந்தா எதிரொலிக்கும், அப்ப ரெண்டு பக்கமும் பையோ துணியோ தொங்கவிட்டா சத்தம் நல்லா வரும். ஒரு நிமிஷத்துக்கு ஒரு எம்பி கிட்டத்தான் ஆகும், அதனால இடத்தைப் பத்தி கவலை இல்ல.

பதிவு பண்ணும்போது ரெண்டு வேகத்துல பண்ணுங்க, முதல் தடவை பிள்ளை விரல் வச்சு எழுத்து எழுத்தா தொட்டு வர்ற அளவுக்கு மெதுவா, ரெண்டாவது தடவை நாம சாதாரணமா பேசற வேகத்துல. ஒவ்வொரு வரிக்கும் நடுவுல மூணு நாலு செகண்ட் சும்மா விடுங்க, அந்த இடைவெளிலதான் பிள்ளை திருப்பிச் சொல்லும், அந்த இடைவெளிதான் இந்த முறையோட உயிரு. கடையில கிடைக்கற ரைம்ஸ் வீடியோவுல எல்லாம் இந்த இடைவெளியே இருக்காது, பாட்டு ஓடிட்டே இருக்கும், பிள்ளை வாயைப் பிளந்து பாத்துட்டே இருக்கும், வாயில இருந்து ஒரு வார்த்தை வராது.

ல, ள, ழ, அப்புறம் ன, ண, இதுக்கு தனியா பதிவு போடுங்க. மலை மழை, பல்லி பள்ளி, மனம் மணம்னு ஜோடி ஜோடியா சொல்லி, பிள்ளைங்க கையில ரெண்டு படம் கொடுத்து எது கேட்டுச்சோ அதைத் தூக்கச் சொல்லுங்க. வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசற பிள்ளைங்களுக்கு ழ புதுசு, ஆனா ள, ண ரெண்டும் அவங்க மொழியிலயே இருக்கு, அந்த எழுத்துல அவங்க நம்ம தமிழ் வீட்டுப் பிள்ளைங்களை விட தெளிவா சொல்லுவாங்க. அவங்களையே சொல்ல வச்சு பதிவு பண்ணி வகுப்புக்கு போட்டுக் காட்டுங்க, அந்தப் பிள்ளை நிமிந்து உக்காரும் பாருங்க.

இப்ப இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, நம்ம பள்ளிங்கள்ல நிறைய ரெண்டு டீச்சர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர்தான், வகுப்போ அஞ்சு. ஒரு மூலையில ஸ்பீக்கரை சின்ன சத்தத்துல வச்சு, ஒண்ணு ரெண்டாம் வகுப்பு அரும்பு பிள்ளைங்க வட்டமா உக்காந்து புத்தகத்துல விரல் வச்சு கேட்டுத் திருப்பிச் சொல்லிட்டு இருந்தா, உங்களுக்கு அந்த நேரத்துல மூணாம் வகுப்புக்கு கடன் வாங்கிக் கழிக்கறதை நிதானமா சொல்லிக் கொடுக்க முடியும். கருவி உங்க இடத்துல நின்னு பாடம் நடத்தப் போறதில்ல, உங்க கையை கொஞ்ச நேரம் விடுவிச்சுத் தருது. குரூப்ல விவரமான ஒரு பிள்ளையை ஸ்பீக்கருக்குப் பொறுப்பா போடுங்க, நிறுத்தறதும் திரும்ப ஓட்டறதும் அந்தப் பிள்ளை வேலை, வாரா வாரம் ஆளை மாத்துங்க.

பிள்ளைங்க குரலைப் பதியறது

உங்க பதிவு பழகின அப்புறம், முதல் மாசம் முடியறதுக்குள்ள, பிள்ளைங்ககிட்ட போனைக் கொடுக்கணும். பயப்படாதீங்க, ஃப்ளைட் மோட் போட்டுட்டு, ரெக்கார்டர் ஆப்பை மட்டும் திறந்து, ஸ்க்ரீன் பின்னிங் (அந்த ஒரு ஆப்பை மட்டும் திரையில பூட்டி வைக்கறது) பண்ணிக் கொடுத்தா வேற எங்கயும் போக முடியாது, செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள இது இருக்கும்.

மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிஷம் ஒரு பத்தி படிக்கறதைப் பதிவு பண்ணுங்க. ஃபைலுக்கு பேரு போடாம வகுப்பு, வரிசை எண், மாசம் இதை மட்டும் போடுங்க. மூணு மாசம் கழிச்சு ஜூன்ல படிச்சதையும் செப்டம்பர்ல படிச்சதையும் அந்தப் பிள்ளையைத் தனியா உக்கார வச்சு போட்டுக் காட்டுங்க. வகுப்பு முன்னாடி போடாதீங்க, தடுமாறி படிக்கற சத்தத்தை மத்தவங்க கேட்டா சிரிப்பாங்க, அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் வாயே திறக்காது. தனியா கேக்கும்போது "டீச்சர் இது நானா"ன்னு கேக்கும், எங்க தடுக்குதுன்னு அதுவே சொல்லும், நீங்க சிவப்பு மையில சுழிக்கறதை விட அது பத்து மடங்கு வேலை செய்யும். உங்களுக்கும் அது கண்ணாடி மாதிரி, யாருக்கு எந்த எழுத்துல நிக்குதுன்னு ராத்திரி வீட்ல உக்காந்து கேட்டு அடுத்த நாள் குரூப்பை மாத்திக்கலாம்.

நாலு, அஞ்சாம் வகுப்புக்கு இன்னும் பெருசா செய்யலாம். நம்ம தர்மபுரிதானே அந்தக் காலத்து தகடூர், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை அஞ்சு நிமிஷ ஒலி நாடகமா பண்ணச் சொல்லுங்க, ஒருத்தர் அதியமான், ஒருத்தர் ஔவை, ஒருத்தர் குதிரைக் குளம்பு சத்தத்துக்கு கொட்டாங்குச்சி தட்டணும். எழுதி, படிச்சு, பேசி, தப்பானா திரும்பப் பேசின்னு ஒரு வாரம் போகும், அந்த ஒரு வாரத்துல அவங்க படிக்கற அளவு சாதாரணமா ஒரு மாசத்துல படிக்க மாட்டாங்க. வீட்டுப் பாட்டிகிட்ட ஒரு கதை கேட்டு வந்து சொல்றதும் அப்படித்தான், தெலுங்குல கேட்டுட்டு வந்து தமிழ்ல சொன்னா இன்னும் சிறப்பு, ரெண்டையும் பதிவு பண்ணி வைங்க. அந்த ஊர்ல அந்தக் கதை வேற எங்கயும் எழுதி இருக்காது.

வீடியோ காட்டறப்ப

கியூஆர் கோடு 2018ல வந்த புதுப் புத்தகத்துல இருந்தே இருக்கு, தீக்‌ஷாங்கற அரசாங்கப் பாட ஆப்ல ஸ்கேன் பண்ணி, சிக்னல் இருக்கற இடத்துல முந்தின நாளே டவுன்லோடு பண்ணி வச்சுக்கங்க, நெட் இல்லாமலே ஓடும். கல்வி தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, அதோட பாடங்கள் யூடியூப்ல இருக்கு. ஆனா எதுவா இருந்தாலும் முழுசா நீங்க ஒரு தடவை பாக்காம பிள்ளைங்களுக்குப் போடாதீங்க.

காட்டறது எப்படின்னா, பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம், நடுவுல ரெண்டு மூணு தடவை நிறுத்துங்க. முளைக்கற விதையைப் பத்தி வீடியோன்னா, வேர் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தி, "முதல்ல மேல வருமா கீழ போகுமா, கை தூக்குங்க"ன்னு கேளுங்க, கேட்ட அப்புறம்தான் ஓட்டணும். பதில் தப்போ சரியோ, எல்லாரும் ஒரு முடிவு எடுத்துட்டுப் பாக்கறது வேற, சும்மா பாக்கறது வேற. ஒரு தடவை சத்தமே இல்லாம ஓட்டி பிள்ளைங்களையே விளக்கம் பேசச் சொல்லுங்க, தமிழ் பேசவே வராதுன்னு நாம நினைச்ச பிள்ளையும் அப்ப பேசும். முடிஞ்ச உடனே நெசமான பொருளைக் கையில கொடுங்க, ரெண்டு நாள் ஈரத்துணியில கட்டி வச்ச கொள்ளோ பச்சைப்பயிறோ. கொரோனா சமயத்துல 2020ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆன்லைன் வகுப்பு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல வேணாம், ஒவ்வொண்ணும் 30 முதல் 45 நிமிஷம்னு சொல்லி இருந்தாங்க, அது பள்ளியே மூடி இருந்த காலத்துக்கு. பள்ளி திறந்து, எதிர்ல நீங்க நிக்கும்போது அவ்வளவு திரை எதுக்கு?

போடறதுக்கு முன்னாடி கடைசி வரிசையில நீங்களே தரையில உக்காந்து திரையைப் பாருங்க, எழுத்து தெரியலன்னா அது அங்க இருக்கற பிள்ளைக்கும் தெரியாது. புரொஜெக்டர்னா ஜன்னல் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, கறுப்புத் துணி கட்டணும், அதுக்கு டிவியே தேவலை. முன் வரிசையில உக்காந்தும் கண்ணைச் சுருக்கிட்டுப் பாக்கற பிள்ளை இருந்தா நோட்டுல குறிச்சு வச்சு, பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழுகிட்ட கட்டாயம் காட்டுங்க, படிப்பு வரலன்னு நினைக்கற சில பிள்ளைங்களுக்கு வேண்டியது கண்ணாடிதான்.

கதை, கணக்கு

ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஒரு தளம் இருக்கு, படக்கதைங்க இலவசம், டவுன்லோடு பண்ணலாம், அச்சடிக்கவும் செய்யலாம். ஓசூர் பக்கத்து டீச்சருங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான், ஏன்னா ஒரே கதை தமிழ்லயும் தெலுங்குலயும் கன்னடத்துலயும் கிடைக்கும். முதல் நாள் அந்த மொழி தெரிஞ்ச டீச்சரோ சத்துணவு அக்காவோ வீட்டு மொழியில கதையைச் சொல்லட்டும், மறுநாள் அதே படத்தை வச்சு நீங்க தமிழ்ல சொல்லுங்க, கதை ஏற்கனவே தெரிஞ்சதால பிள்ளை மனசு முழுக்க வார்த்தைமேல இருக்கும்.

கூகுளோட ரீட் அலாங்ங்கற வாசிப்பு ஆப் 2020ல தமிழ், தெலுங்கு எல்லாம் சேத்து வந்துச்சு, 2022 ஜூன்ல நம்ம பள்ளிக்கல்வித் துறை அதை வச்சு வாசிப்பு மாரத்தான்கூட நடத்துனாங்க. உங்க டேப்ல ஓடுதான்னு பாத்துட்டு பயன்படுத்துங்க. பிள்ளை படிக்க படிக்க மெஷின் கேட்டு சரி, தப்பு சொல்லும், ஆனா சின்னப் பிள்ளைங்க குரலையும் நம்ம ஊர்ப் பேச்சையும் அது சில நேரம் சரியா பிடிக்காது, பிள்ளை சரியா படிச்சிருந்தும் தப்புன்னு காட்டும். அதனால பக்கத்துல நீங்க இருக்கணும், அது போடற நட்சத்திரத்தை மார்க்கா எடுத்துக்காதீங்க.

கணக்குக்கு ஃபெட் (PhET) சிமுலேஷன், அதாவது திரையில நகர்த்திப் பாத்துக் கத்துக்கறது, நல்லது, அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகம் பண்ணது, பின்னம், பரப்பளவு, எண்கோடு எல்லாத்துக்கும் இருக்கு, சிலது தமிழ்லயும் இருக்கு, டவுன்லோடு பண்ணா பிரவுசர்லயே நெட் இல்லாம ஓடும். ஆனா பின்னத்தை முதல்ல சப்பாத்தியையோ பேப்பரையோ மடிச்சுக் காட்டிட்டு அப்புறம் அதுல காட்டுங்க.

கேமரா

மாமரம் இல்லாத ஊரே நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கம்மி. தை மாசம் பூ வர்றப்ப ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, திங்கக்கிழமை திங்கக்கிழமை அதே இடத்துல நின்னு அதே உயரத்துல பிள்ளைங்களையே ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, நிக்கற இடத்துல ஒரு கல்லு நட்டு வைங்க. பூ, பிஞ்சு, காய்னு வரிசையா வேகமா தள்ளிக் காட்டும்போது பிள்ளைங்க துள்ளுவாங்க, எத்தனை பூ, அதுல எத்தனை பிஞ்சு நின்னுச்சுன்னு எண்ணினா அங்கயே கணக்குப் பாடமும் வந்துடும். ராகி வயல் இருந்தா நாத்துல இருந்து கதிர் வரைக்கும் இதே மாதிரி. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம்னா தக்காளி விலையை வீட்ல கேட்டு வந்து சார்ட்ல கட்டம் கட்டமா உயர்த்தி வரையச் சொல்லுங்க, அஞ்சாம் வகுப்புல வரைபடம் சொல்லிக் கொடுக்க இதை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது, விலை விழுந்தா வீட்ல என்ன ஆகும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

ஏஐ வச்சு வேலைத்தாள் தயாரிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. "படம், மரம், கல் மாதிரி வார்த்தையில நான் நடத்துன எழுத்து மட்டும் வச்சு அஞ்சு வாக்கியம் கொடு"ன்னு கேட்டா, கொடுக்கும், ஆனா நடத்தாத எழுத்தும் நடுவுல நுழைஞ்சிருக்கும், ஒற்றுப் பிழை இருக்கும், யாரும் பேசாத தமிழா இருக்கும். வரிக்கு வரி படிச்சுத் திருத்தாம அச்சடிக்காதீங்க. பிள்ளைங்க கையில நேரா கொடுக்கற பொருள் இல்ல அது.

போட்டோ, பெற்றோர், கரண்டு

பிள்ளைங்க முகம் தெரியற போட்டோ, வீடியோவை உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைக்காதீங்க. எவ்வளவு அழகா பேசினாலும் வைக்காதீங்க. 2023ல வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க விவரத்துக்கு பெற்றோர் சம்மதம் வேணும்னு இருக்கு, சட்டத்தை விடுங்க, நம்ம பிள்ளைன்னா வைப்போமான்னு யோசிங்க. பிள்ளை பேரு, பிறந்த தேதி கேக்கற எந்த புது ஆப்பையும் எச்எம் கிட்ட சொல்லாம போடாதீங்க.

பெங்களூர்ல இருக்கற அப்பாவுக்கு எழுத்துல மெசேஜ் அனுப்பாதீங்க, நிறைய பேருக்கு படிக்க வராது, வேலை முடிஞ்சு வந்து படிக்கவும் தெம்பு இருக்காது. பிள்ளை படிச்ச அந்த ஒரு நிமிஷப் பதிவை வாய்ஸ் மெசேஜா அவருக்கு மட்டும் அனுப்புங்க, கூடவே உங்க குரல்ல ரெண்டு வரி, "உங்க பொண்ணு இந்த மாசம் சேத்துப் படிக்க ஆரம்பிச்சிருச்சுங்க"ன்னு. ராத்திரி போன் பேசும்போது அவர் பிள்ளைகிட்ட அதைப் பத்திக் கேப்பாரு.

கரண்டு போறது சகஜம், ஸ்பீக்கரும் போனும் முந்தின நாளே சார்ஜ் ஏத்தி வைங்க, டிவியை நம்பி மட்டும் பாடக்குறிப்பு எழுதாதீங்க. பிளக் பாயின்ட் பிள்ளைங்க கைக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும், ஒயர் நடைபாதையில கிடக்கக் கூடாது, சுவர்ல ஈரம் இறங்கற மழைக்காலத்துல அந்தப் பக்கத்து சுவிட்சைத் தொடாதீங்க.

கடைசியா பதிவுங்களை எல்லாம் பாட வரிசைப்படி ஃபோல்டர் போட்டு ரெண்டு இடத்துல வைங்க, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு பள்ளியோட பென்டிரைவ்ல. மாறுதல் கவுன்சிலிங்ல வேற ஊருக்குப் போறப்ப பாடப் பதிவு, பாட்டி கதை எல்லாத்தையும் அடுத்து வர்ற டீச்சர்கிட்ட ஒப்படைச்சிட்டு, எந்த குரூப் எதைக் கேட்டு எங்க நிக்குதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, பிள்ளைங்க படிச்ச பதிவை உங்க போன்ல இருந்து அழிச்சிடுங்க.